ஒரு சிறிய மூடி! கொடைக்கானல் மலைப்பாதையில் மூன்று மணி நேரம்

காட்ரோட்டில் திரும்பி மலை ஏறத் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். பின் சீட்டில் இருந்த என் தாயார், "என்னடா, வடைச் சட்டி கருகுகிற மாதிரி நாற்றம் வருகிறதே!" என்றார்.

யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சரிவில் யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று இருந்துவிட்டோம். அடுத்த வளைவில் நாற்றம் பலமாயிற்று. அதற்கடுத்த வளைவில், காரின் முன்பக்க இடுக்குகளில் இருந்து நீலநிறப் புகை கிளம்பியது!

"வண்டியை நிறுத்துங்க அண்ணே!" என்று என் மனைவி அலறினாள்.

டிரைவர் அதற்குள் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். டம்டம் பாறைக்குச் சற்று முன்பு, சாலை அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டினார். என்ஜினை அணைத்தார். "எல்லாரும் இறங்குங்கம்மா. பாப்பாவைத் தூரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நான் பேனட்டைத் திறக்க ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுங்க சார். உள்ளே தீ இருந்தா, திறந்ததும் காற்று புகுந்து குப்புன்னு முகத்துக்கு வரும்."

புகை மெல்ல மெல்ல அடங்கியது. பத்து நிமிடம் கழித்து, துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பேனட்டைத் தூக்கினார். என்ஜின் முழுவதும் எண்ணெயில் குளித்திருந்தது. புகைபோக்கிக் குழாய் தொடங்கும் இடத்தில் எண்ணெய் விழுந்து, கறுகறுவென்று காய்ந்து போயிருந்தது. என்ஜினின் உச்சியில் ஒரு வட்டமான ஓட்டை. ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவு இருந்தது.

"சார், ஆயில் மூடியே இல்லீங்க!"

அன்று காலை மதுரையில் இருந்து புறப்படும்போது, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சூடம் கொளுத்தினோம். பேனட்டைத் திறந்து ஒரு தடவை பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கே போனது மூடி?

"குரங்கு எடுத்துக்கிட்டு போயிருக்கும்" என்றாள் என் எட்டு வயது மகள். அந்த இடத்தில் குரங்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் மூடிய பேனட்டுக்குள் குரங்கு எப்படிக் கை விடும்?

இரண்டு நாளைக்கு முன்புதான் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியிருந்தேன். பழைய எண்ணெயை வடித்து, புதிய எண்ணெயை ஊற்றிய பையன், மூடியைத் திருப்பிப் போட மறந்துவிட்டான். வேறு வழி இல்லை.

"அப்படியானால் மதுரையிலேயே புகைந்திருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். டிரைவர் சொன்ன பதில் எனக்குப் பாடமாக இருந்தது.

சமவெளியில் கார் உயர்ந்த கியரில் போகிறது. என்ஜின் நிதானமாகச் சுற்றுகிறது. சிறிது எண்ணெய் தெறித்தாலும், எதிர்க்காற்று நாற்றத்தை அடித்துக்கொண்டு போய்விடும். மலையில் அப்படி இல்லை. இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர். கார் மெதுவாக ஏறுகிறது. ஆனால் என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. எண்ணெய் வாரி இறைக்கிறது. அந்த நேரத்தில் புகைபோக்கிக் குழாய் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன் மேல் எண்ணெய் சொட்டினால் புகையும். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் தீயும் பிடிக்கும்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து ஏறக்குறைய 6,000 அடி ஏற வேண்டும். இடையில் என்ஜினுக்கு ஓய்வு ஏது?

மூடிக்கு என்ன வேலை?

என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது எண்ணெய். அது அடியில் உள்ள தொட்டியில் தேங்கி நிற்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. என்ஜினின் தலைப்பகுதியில் உள்ள வால்வுகளையும், அவற்றை இயக்கும் தண்டையும் அது நனைக்கிறது. பிறகு வழிந்து மீண்டும் தொட்டிக்கு வருகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் பாகங்கள் அந்த எண்ணெயைச் சும்மா விடுமா? தெறிக்க அடிக்கின்றன. மேலே மூடி இருந்தால் எண்ணெய் உள்ளேயே விழும். மூடி இல்லையென்றால் வெளியே போகும்.

எண்ணெய் வெளியே போவது ஒரு கெடுதல். தூசி உள்ளே போவது இன்னொரு கெடுதல். தூசியும் மணலும் எண்ணெயில் கலந்தால், அது எண்ணெயாக இராது. உப்புத்தாள் போல ஆகிவிடும்!

பழைய கார்கள் பலவற்றில் இந்த மூடிக்குள் கம்பி வலை வைத்திருப்பார்கள். என்ஜின் மூச்சு விடுவதற்கு அதுவே வழி. இப்போதைய கார்களில் உள்ளே சேரும் ஆவியைக் குழாய் வழியாக மறுபடியும் என்ஜினுக்கே அனுப்பி எரித்துவிடுகிறார்கள். அந்தக் கார்களில் மூடி கழன்றால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். என்ஜின் நின்ற இடத்திலேயே குலுங்கும். டிரைவர் முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

"சிவப்பு ஆயில் விளக்கு எரியவே இல்லையே?" என்று கேட்டேன்.

"அது எண்ணெயோட அளவைச் சொல்ற விளக்கு இல்லை சார். பம்பு தள்ளுற அழுத்தம் விழுந்தாத்தான் எரியும். அது எரியும்போது பாதிக் கதை முடிஞ்சிருக்கும்" என்றார்.

அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் சற்றுக் கீழே இருந்தது. இன்னும் ஏழெட்டு வளைவு ஏறியிருந்தால் சிவப்பு விளக்கும் எரிந்திருக்கும்.

துணியை அடைக்கலாமா?

அந்த வழியாக வந்த ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார். நல்ல மனிதர். "ஒரு துணியைச் சுருட்டி அடைச்சுட்டு மெதுவா ஏறிடுங்க. பெருமாள்மலையில பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. என் தாயார் தம் துண்டைக் கூட எடுத்துக் கொடுத்துவிட்டார். டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஓட்டைக்கு நேர் கீழே தண்டு சுத்துதும்மா. துணி நுனி அதுல மாட்டினா உள்ளே இழுத்துக்கும். நூல் பிரிஞ்சு பம்போட சல்லடையை அடைச்சா, என்ஜின் போச்சு. வெளியே தொங்கினா எண்ணெயில ஊறி, குழாயில பட்டுத் தீப்பிடிக்கும். நான் பஸ்ஸிலே வத்தலக்குண்டுக்குப் போய் மூடி வாங்கிட்டு வந்துடறேன்."

போவதற்கு முன் அவர் மூன்று காரியம் செய்தார். பேனட்டுக்குள் பாட்டரி ஓரத்திலும், அடித்தகட்டிலும் டார்ச் அடித்துத் தேடினார். மறந்துபோன மூடி பல தடவை அங்கேயே ஏதாவது இடுக்கில் விழுந்து கிடக்குமாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிறகு பதிவுப் புத்தகத்தில் இருந்து காரின் மாடலையும், தயாரித்த வருடத்தையும் குறித்துக்கொண்டார். கடைசியாக ஓட்டையைச் செல்போனில் படம் எடுத்தார். கேரேஜில் இருந்து எடுத்து வந்திருந்த பனியன் வேஸ்ட்டால் ஓட்டையின் மேல் போர்த்தி, பேனட்டைச் சாத்திவிட்டு, இறங்கி வந்த பஸ்ஸில் ஏறினார். வண்டி நிற்கும்போது தூசி விழாமல் இருக்கத்தான் அந்தப் போர்வை. ஓடும்போது அல்ல.

நடந்து ஏறிய காலம்

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிரே தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 975 அடி உயரத்தில் இருந்து விழுகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால், பாறையில் யாரோ சுண்ணாம்புக் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

இந்த மலைக்குக் கார் வந்த கதை நூறு ஆண்டுக் கதைதான். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்ற இடத்தில் இருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். வசதி உள்ளவர்கள் டோலியில் போனார்கள். டோலி தூக்கியவர்கள் நடந்தார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஏரியை உண்டாக்கிய காலத்திலும் இதே கதிதான். இப்போது நாம் போகும் வத்தலக்குண்டு மலைப்பாதை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் மோட்டார்களுக்குத் திறந்தது. கொடைரோடு ரயில் நிலையத்தில் இருந்து 80 கிலோ மீட்டர்.

"டோலிக்கு ஆயில் வேண்டாம்" என்றார் என் தாயார். அவருக்குக் கோபம். கட்டி எடுத்து வந்த புளியோதரையைக் கொடைக்கானல் ஏரிக்கரையில் சாப்பிடுவதாகத் திட்டம். குரங்குகளை விரட்டிக்கொண்டே, சாலை ஓரத்தில் சாப்பிட்டோம்.

'டக்' என்று ஒரு சத்தம்

டிரைவர் திரும்பி வந்தபோது கையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் மூடி. இன்னொன்றில் ஒரு லிட்டர் எண்ணெய். மூடியின் விலை, ஓட்டலில் நாலு பேர் டிபன் சாப்பிடும் செலவுக்கு மேல் இல்லை.

கடையில் முதலில் எடுத்துக் கொடுத்த மூடி வேறு மாதிரியாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் திருகு மரை; மற்றதில் காதுகள் மாட்டிக் கால் சுற்று திருப்பும் அமைப்பு. செல்போன் படத்தைக் காட்டியதால் தப்பித்தார். இல்லாவிட்டால் எங்களுக்கு இன்னும் மூன்று மணி நேரம்!

எண்ணெய் பட்ட இடத்தை எல்லாம் துடைத்தார். புகைக்குழாய் பக்கம் இரண்டு தடவை துடைத்தார். கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார். ஐந்து நிமிடம் பொறுப்பார். அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பார். மேல்கோட்டைத் தாண்ட விடவில்லை. எண்ணெய் அதிகமானாலும் ஆபத்துத்தான். சுற்றும் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

மூடியின் ரப்பர் வளையத்தில் விரலால் ஒரு துளி எண்ணெய் தடவினார். வைத்து அழுத்தி, வலப்பக்கம் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டாமா?"

"கைவலுவே போதும் சார். இது பிளாஸ்டிக். முறுக்கினா காது உடைஞ்சுடும்."

என்ஜினை ஓடவிட்டு, ஓரத்தில் கசிகிறதா என்று சில நிமிடம் பார்த்த பிறகுதான் எங்களை ஏறச் சொன்னார். மீதிப் பாதையில் புகை நாற்றம் சிறிது நேரம் இருந்தது. ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் நின்றுவிட்டது. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. வண்டி எண்ணை எல்லாம் சரியாகப் பதிந்துகொண்டுதான் புறப்பட்டிருந்தோம். மூடியைப் பற்றி எந்தப் படிவமும் கேட்கவில்லை!

மூடிக்கு அடியில் வெண்ணெய்!

அன்று இரவு நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, உங்களுக்கு மூடி இல்லாமல் கஷ்டம். எனக்கு மூடி இருந்தும் கஷ்டம்" என்றார்.

அவரிடம் ஒரு சிறிய கார் இருக்கிறது. வீட்டில் இருந்து ஏழு ரோடு வரை போகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும். அதோடு சரி. ஒரு ஜனவரி மாதம் ஆயில் மூடியைத் திறந்தவர் திடுக்கிட்டுப் போனார். மூடியின் அடியில் வெண்ணெய் தடவியது போல, இளமஞ்சள் நிறத்தில் பசை! பட்டறையில் காட்டினார். "தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. பென்ஷன்காரர் என்ன செய்வார்? இரண்டு நாள் தூக்கம் இல்லை.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். அவர் அவசரப்படவில்லை. அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தார். அதில் பசை இல்லை. எண்ணெய் தெளிவாக இருந்தது. என்ஜின் ஆறிய பிறகு, குளிர்நீர் டப்பாவைப் பார்த்தார். நீர் குறையவில்லை. அதில் எண்ணெய்ப் படலமும் இல்லை. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை விடாமல் வரவில்லை.

"ஐயா, மூடியைத் துடைச்சுட்டு, ஒரு தடவை பழனிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுட்டு வாங்க. வந்ததும் திறந்து பார்ப்போம்" என்றாராம்.

"நான் கிறிஸ்தவன்பா" என்று ஆசிரியர் சொல்ல, "வண்டிக்காகப் போங்க" என்றாராம் மெக்கானிக்!

பழனி சுமார் 65 கிலோ மீட்டர். வடகவுஞ்சி பாதையில் இறங்கி, வெயிலில் ஓடி, மறுபடி மலை ஏறி வந்தார். மூடி சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அளவுக் கம்பி சுத்தமாகவே இருந்தது.

என்ன மந்திரம் இது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது! பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவி, எண்ணெய்த் தொட்டிக்குள் வரும். என்ஜின் நன்றாகச் சூடானால் அதுவும் ஆவியாக வெளியேறிவிடும். ஏழு ரோடு வரை போய் நின்றுவிட்டால் என்ஜின் சூடாவது எப்போது? கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. என்ஜினில் எல்லாவற்றுக்கும் மேலே, காற்றுப்படும் இடத்தில் இருப்பது அந்த மூடிதான். சோற்றுப்பானை மூடியில் நீர் கோர்ப்பது போல, அதன் அடியில் நீர் கோர்க்கிறது. எண்ணெயோடு சேர்ந்து வெண்ணெய் ஆகிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, எல்லா வெண்ணெயும் குளிரால் வந்தது என்று இருந்துவிடக் கூடாது. மலை ஏறும்போது என்ஜின் கொதித்துப்போன காரில் உண்மையாகவே கேஸ்கட் போயிருக்கலாம். அளவுக் கம்பியிலும் பசை இருந்தாலோ, குளிர்நீர் குறைந்துகொண்டே வந்தாலோ, என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, அந்தக் காரை எடுத்துக்கொண்டு பழனிக்கு அல்ல, பக்கத்துத் தெருவுக்கும் போகக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பழனிக்கு அனுப்பும் முன் அந்த மெக்கானிக் மூன்று இடத்தைப் பார்த்தாரே, அதற்குத்தான்.

நீங்களே பார்க்கலாம்

மறுநாள் காலையில் எங்கள் டிரைவர், ஏரிக்கரையில் சமதரையாகப் பார்த்துக் காரை நிறுத்தி, என் மனைவிக்கும் எனக்கும் மூடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சமதரை முக்கியம். சரிவில் நிற்கும் காரில் எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து, அளவுக் கம்பி பொய் சொல்லும். கொடைக்கானலில் சமதரை கிடைப்பதுதான் சிரமம்!

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். மூடியின் மேல் எண்ணெய்க் குவளைப் படம் இருக்கும். நுனியில் ஒரு சொட்டு வரைந்திருப்பார்கள். சிலவற்றில் 5டபிள்யூ-30 என்பது போல எண்ணெயின் ரகமும் அச்சிட்டிருக்கும். முதலில் மூடியைச் சுற்றித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் திறந்ததும் அழுக்கு உள்ளே விழும். இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். அடியில் உள்ள ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளகி வளைந்தால் நல்லது. கல் மாதிரி இறுகியிருந்தாலும், வெடித்திருந்தாலும், மூடியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். சில மாடல்களுக்கு வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

"இது ரேடியேட்டர் மூடி. இதைச் சூடா இருக்கும்போது தொடவே கூடாதும்மா. கொதிநீர் பீச்சி அடிக்கும்" என்று இன்னொரு மூடியைக் காட்டினார். பிறகு, ஓரத்தில் இருந்த சிறிய டப்பாவைக் காட்டியபோது அவர் குரலே மாறிவிட்டது. "இது பிரேக் ஆயில். தெரியாம இதுல என்ஜின் ஆயிலை ஊத்தினா, உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பிரேக் பிடிக்காது. மலையில இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்."

என் மகள் மூன்று மூடிகளையும் நோட்டில் வரைந்துகொண்டாள். ஆயில் மூடிக்குப் பக்கத்தில் ஒரு குரங்கையும் வரைந்தாள்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பினோம். ஆயில் மாற்றிய பட்டறைக்கு நேராகப் போனேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். முதலாளி இல்லை. மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் ரசீதுகள் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் ஒரு கறுப்பு மூடியை வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். எண்ணெய்க் குவளைப் படம். நுனியில் ஒரு சொட்டு.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ரசீதுகள் பறந்தன.